போட்டிப் பரீட்சையும் சாவு நினைப்பும்: நம் பிள்ளைகளைப் பிடித்துவைத்திருப்பது எது?

கரைச்சி ஆசிரியை எழுதியது:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் மாலை வேளைகளில் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பொது அறிவும் நுண்ணறிவும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் பட்டதாரிகள். முப்பதைக் கடந்தவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர் சேவை, கிராம அலுவலர், முகாமைத்துவ சேவை, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் எது வந்தாலும் விண்ணப்பம் போடுகிறார்கள். ஒன்றின் பெறுபேறு வருமுன்னே அடுத்ததற்குத் தோற்றுகிறார்கள்.

சில காலமாக அவர்களுடைய பேச்சில் அடிபடும் வசனங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. "நான் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு வாய் குறையும்." "எனக்குச் செலவழித்ததைத் தங்கச்சிக்குச் செலவழித்திருந்தால் அவளாவது கரையேறியிருப்பாள்." சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். சுற்றியிருப்பவர்களும் சிரிக்கிறார்கள். இது பகிடி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புள்ளி குறைந்தவர்கள்தான் உடைந்துபோகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறிய பிள்ளைதான் பெரும்பாலும் நொறுங்கிப்போகிறது. அதே வகுப்பில், எத்தனையோ பரீட்சைகளில் தவறியும் நிமிர்ந்து நடக்கிறவர்கள் உண்டு. ஒருவன் ஊர் விளையாட்டுக் கழகத்தில் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறான். ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் காலையிலேயே இரண்டு மூன்று தாய்மார் உட்கார்ந்திருப்பார்கள். வங்கிப் படிவம், காணிக் கடிதம், அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு என்று எதையாவது எழுதித் தரச் சொல்லி வந்திருப்பார்கள். இந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு நாள் எழும்பாமல் படுத்துவிட்டால் ஊரில் ஏதோ ஒரு காரியம் தடைப்படும். அது அவர்களுக்குத் தெரியும்.

உத்தியோகம் கிடைத்தால்தான் நீ ஆள் என்று சொல்லாத ஓர் இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். அதை நம் ஊர்களில் எப்படி உண்டாக்குவது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பொறுப்பாளர் எழுதியது:

இந்த இழையில் எவரும் இறந்த முறையையோ இடத்தையோ விவரிக்க வேண்டாம். இறந்தவர்களின் பெயரையும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால் நீக்கிவிடுவோம். வாசிக்கும் உங்களுக்கே இப்போது அந்த எண்ணம் வருகிறதென்றால் 1926 ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை அது. இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். 1333 என்ற இலக்கத்திலும் இலவசமாக உளவளத்துணை கிடைக்கும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 1990 நோயாளர் காவு வண்டி.

நெடுங்கேணி மருதன் எழுதியது:

ஆசிரியை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பேச்சு திசைமாறிப் போகிறது. பிள்ளைகளின் மனத்தில் கோளாறு இல்லை. வேலை இல்லை என்பதுதான் கோளாறு.

2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடி உயர்தரப் பரீட்சை எழுதிய தலைமுறை எங்களுடையது. அன்றைக்குப் பத்தொன்பது வயதாக இருந்தவன் இன்று முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டான். பல சேவைகளுக்கு வயதெல்லையே அதுதான். 2017 இல் வடக்கின் பட்டதாரிகள் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் வேலை கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2020 இல் நாடு முழுவதும் 50,000 பட்டதாரிகளை எடுப்பதாக அறிவித்து, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநர்களாக அமர்த்தினார்கள். 2022 இல் நாடே வங்குரோத்தானபோது ஆட்சேர்ப்பும் உறைந்துபோனது. இத்தனைக்கும் இடையில் ஒரு பிள்ளை மனம் தளராமல் இருந்தால்தான் அதிசயம். உதைபந்து பழக்கு, படிவம் நிரப்பு என்று சொல்வது, சம்பளமில்லாத வேலையை அவன் தலையில் கட்டி அவனைச் சமாதானப்படுத்துவது போலத்தான் எனக்குப் படுகிறது.

முல்லைத் தாதி எழுதியது:

மருதன் அண்ணா, வேலை வேண்டும் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. வேலை வாய்ப்பும் ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் நான் வைத்தியசாலையில் மனநலப் பிரிவில் வேலை செய்கிறவள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அடுத்த வர்த்தமானி வரும்வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது. இன்றிரவை அது கடக்க வேண்டும்.

இலங்கையின் கதையே ஒன்றைச் சொல்லித்தருகிறது. 1995 இல் இந்நாட்டில் ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பிற்பாடு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. நாட்டில் துயரம் குறைந்ததாலா? போர் நடந்துகொண்டிருந்தது, கடற்கோள் வந்தது, வறுமையும் போகவில்லை. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ததுதான் முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சில மணிநேரம் கொதித்து அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால், பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால், உயிர் தப்பிவிடுகிறது. ஒருமுறை முயன்று தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. வன்னியில் பல வீடுகள் விவசாய வீடுகள். வயலுக்கு வாங்கியதை வீட்டுக் கோடியில் வைக்காமல் பூட்டி, திறப்பைப் பெரியவர் ஒருவர் வைத்திருக்கலாம். இதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றம் இல்லை. பொலிஸ் வரும், வழக்கு வரும், பிறகு அரச வேலையே கிடைக்காது என்று பயந்து பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுவராத குடும்பங்களை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து கொண்டுவாருங்கள்.

பாலைப்பழம் எழுதியது:

நான் பரீட்சை எழுதுகிறவள். வயது 29. இந்த இழையை நேற்று முழுக்க வாசித்துவிட்டு, எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

வெளியில் இருப்பவர்களுக்குப் பெறுபேறு வரும் நாள்தான் பெரிய நாள் என்று தோன்றும். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். அம்மா முட்டை பொரித்துத் தருவார், அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். அதற்குப் பிந்திய மாதங்கள்தான் கொடியவை. காலையில் எழும்பினால் போவதற்கு இடமில்லை. நூலகத்துக்குப் போனால் அங்கே பத்திரிகை வாசிக்க வரும் பெரியவர்கள் "பிள்ளை, இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா?" என்று கேட்கிறார்கள். கைத்தொலைபேசிக்கு அப்பா ரீலோட் போட்டுவிடும்போது அவருடைய கையைப் பார்க்கமாட்டேன். சீமெந்து கரைத்துக் கரைத்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்த நூறு ரூபாயில் நான் என்ன பார்க்கிறேன்? பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சுட்டெண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

சாவு நினைப்பு எனக்கு வந்தது. ஒரு நாளில் வந்துவிடவில்லை. முதலில் "எழும்பாமலே விட்டால் நல்லது" என்று வந்தது. பிறகு அது வளர்ந்தது. அப்போது என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி பஸ் தரிப்பிடத்தில் வைத்து நேரே கேட்டாள்: "நீ செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா?" யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஓம்" என்று சொன்னேன். அவள் அழவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. தன் பஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது மணிக்கு நுண்ணறிவுக் கணக்கு ஒன்றை எனக்கு அனுப்புவாள். விடையை நான் அனுப்ப வேண்டும். விடை போகவில்லை என்றால் தொலைபேசியில் அழைப்பாள். இன்றும் நடக்கிறது.

ஆசிரியை சொன்ன "இடம்" எனக்கு அந்த ஒன்பது மணிதான்.

கரைச்சி ஆசிரியை எழுதியது:

மகளே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் சிநேகிதிக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். இப்போதும் அந்த நினைப்பு வருகிறதா என்று நானும் நேரடியாகவே கேட்கிறேன். பதிலை இங்கே எழுதத் தேவையில்லை. தனிமடலில் எழுதுங்கள், எந்த நேரமானாலும்.

முல்லைத் தாதி எழுதியது:

பாலைப்பழம் தங்கச்சி, உங்கள் சிநேகிதி செய்ததுதான் நாங்கள் பயிற்சியில் படிப்பது. நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் தெளிவாகச் சொல்கிறது. கேட்டால் மனம் இளகும். கேட்டதும் ஒரு பிரசங்கத்தைத் தொடங்கினால்தான் கதவு அடைபட்டுவிடும்.

ஆசிரியை கேட்ட கேள்வியை ஏறத்தாழ அதே மாதிரிக் கேட்டவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினகன். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1983 இல், சாவை நினைக்கும் மனிதர்களை வாழவைப்பது எது என்று ஆராய்ந்து ஒரு வினாக்கொத்து உருவாக்கினார்கள். இதையும் சமாளித்து மீள்வேன் என்ற நம்பிக்கை, குடும்பத்துக்கு நான் பொறுப்பு என்ற உணர்வு, பிள்ளைகள் மீதான கரிசனை, அறமும் சமயமும் தரும் தடை, ஊர் என்ன நினைக்கும் என்ற எண்ணம், சாவைப் பற்றிய பயம், இப்படி அதில் பல வரும். இன்னோர் உளவியலாளர், தோமஸ் ஜொய்னர், 2005 இல் மறுபக்கத்தை எழுதினார்: நான் மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணமும் நான் எவரோடும் சேர்ந்தவன் இல்லை என்ற எண்ணமும் ஒருங்கே வந்தால் சாவு ஆசை முளைக்கிறது என்றார். "வீட்டில் ஒரு வாய் குறையும்" என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள்.

இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது நம் குடும்பங்களைப் பற்றி எனக்கு ஒன்று விளங்குகிறது. அதே குடும்பம்தான் பிடித்தும் வைத்திருக்கிறது, அழுத்தவும் செய்கிறது. "நீதான் எங்களைத் தூக்கிவிட வேண்டும்" என்று அம்மா சொன்னால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். "பின்னேரம் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வா, எனக்கு நாரி நோகிறது" என்று அதே அம்மா சொன்னால் பிள்ளைக்கு வீட்டில் ஓர் இடம் கிடைக்கிறது. முதலாவது, எப்போதோ வரப்போகும் நியமனக் கடிதத்துக்குக் கட்டப்பட்டது. இரண்டாவது இன்றைக்கு, இந்தக் கைகளால் ஆகிறது. நம் வீடுகளில் பரீட்சை எழுதும் பிள்ளையை ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை. "நீ படி, நீ படி" என்று தேநீரையும் மேசைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அது அன்புதான். ஆனால் தவறிய பிறகு அந்தத் தேநீரைக் குடிக்க அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

நெடுங்கேணி மருதன் எழுதியது:

தாதி சொன்ன கடைசிப் பகுதி என்னை யோசிக்க வைத்தது. எங்கள் வீட்டில் தேநீர் மேசைக்குத்தான் வந்தது.

ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். ஏன் அரச உத்தியோகத்தையே கட்டிப்பிடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்கப்போகிறார்கள். அதற்கு முன்கூட்டியே பதில் சொல்கிறேன். வன்னியில் பல வீடுகளில் உழைத்துக்கொண்டிருந்த ஆண் 2009 ஓடு இல்லை. உழைப்பு எந்த நிமிடமும் நின்றுபோகும் என்று கண்ணால் கண்டவர்களுக்கு மாதக்கடைசியில் தவறாமல் வரும் சம்பளமும் ஓய்வூதியமும் வெறும் ஆசை இல்லை. வங்கிக் கடன் முதல் கலியாணப் பேச்சுவரை எல்லாம் அதைக் கேட்டுத்தான் நகர்கிறது. நுண்கடன் கட்ட முடியாமல் கிழமைக்குக் கிழமை ஒளிந்த தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். இது மூடத்தனம் என்று எவரும் சொல்ல வேண்டாம்.

ஸ்காபரோ சிவம் எழுதியது:

மருதன் தம்பி, நீங்கள் எதிர்பார்த்த ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் ஏன் தொழில் தொடங்கக் கூடாது? என் பெறாமகன் ஒருவனுக்குக் கோழிப்பண்ணை போட முதல் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து "சோதனை என்ன மாதிரி?" என்று கேட்டால் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுகிறான்.

பாலைப்பழம் எழுதியது:

சிவம் மாமா, கோபிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வெளிநாட்டு அழைப்பு வந்தால் நானும் கிணற்றடிக்குப் போய்விடுவேன். காசு அனுப்புகிறவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற உணர்வு அது. அடுத்த முறை எடுக்கும்போது சோதனையைப் பற்றிக் கேட்காமல், உங்கள் பழைய வளவில் நின்ற மாமரம் காய்க்கிறதா, குளம் வான் பாய்ந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத எதையாவது கேளுங்கள். பண்ணைக் கதையை அவனே தொடங்கும்வரை விட்டுவிடுங்கள்.

ஸ்காபரோ சிவம் எழுதியது:

நல்லது மகள். மாமரம் நிற்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. கேட்கிறேன்.

பூநகரியான் எழுதியது:

தென்கொரியாவில் ஆன்சானிலிருந்து எழுதுகிறேன். இங்கே வருவதற்கும் பரீட்சைதான்: கொரிய மொழிப் பரீட்சை. அதில் சித்தியடைந்தாலும் வேலை நிச்சயமில்லை. பெயர் ஒரு பட்டியலில் ஏறும். இங்குள்ள முதலாளி ஒருவர் தெரிவுசெய்ய வேண்டும். சித்தியடைந்தும் காத்திருந்தே காலம் முடிந்துபோனவர்களை எனக்குத் தெரியும். தவறியவனுக்காவது ஆறுதல் சொல்ல ஆள் வரும். சித்தியடைந்து வீட்டில் இருப்பவனுக்கு யார் வருவார்? இதையும் இந்த இழையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. சியோலில் நொரியாங்ஜின் என்று ஓர் இடம் இருக்கிறது. அரச உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கென்றே தனியார் வகுப்புகள் நிரம்பிய பகுதி. படுக்கையும் மேசையும் மட்டும் கொள்ளும் சின்னஞ்சிறு அறைகளில் வருடக்கணக்காக இருந்து படிக்கிறார்கள். தெருவோரக் கடையில் குவளைச் சோறு வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பணக்கார நாடு, ஆனாலும் வளர்ந்த நாடுகளுக்குள் தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடு இதுதான். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் நம் பிள்ளைகளின் நினைவுதான் வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பக்கத்து அறையில் இருப்பவனின் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. நம் ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் ஒருவரும் கேட்பதில்லை.

ஒட்டுசுட்டான் கமக்காரன் எழுதியது:

எனக்கு இதில் எழுதிப் பழக்கமில்லை. என் மூத்த மகள் எழுதித் தருகிறாள். சின்ன மகனுக்கு 27 வயது. கிராம அலுவலர் பரீட்சையில் சரிவரவில்லை. மூன்று கிழமையாகப் பகலில் படுக்கிறான், இரவில் முழித்திருக்கிறான். எங்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. போன கிழமை தன் குறிப்புக் கொப்பிகளை எல்லாம் ஒரு பெடியனுக்குக் கொடுத்துவிட்டான். நேற்றுத் தன் சைக்கிளையும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். இன்றைக்கு முகம் தெளிவாக இருக்கிறது, என்னோடு நன்றாகக் கதைத்தான். தேறிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

முல்லைத் தாதி எழுதியது:

ஐயா, தேறிவிட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தனக்குப் பிடித்த பொருட்களைக் கொடுத்துவிடுவதும், நீண்ட சோர்வுக்குப் பிறகு சட்டென்று அமைதியாவதும் எங்களைப் பயப்படுத்தும் அறிகுறிகள். இன்றிரவே பக்கத்தில் இருந்து கேளுங்கள்: "தம்பி, செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா?" இந்தச் சொற்களாலேயே கேளுங்கள். ஓம் என்றால் திட்ட வேண்டாம், அழுது சத்தியம் வாங்க வேண்டாம். "நீ சொன்னது நல்லது, நான் உன்னோடு நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். தனியே படுக்கவிட வேண்டாம். வயலுக்கு வைத்திருக்கும் மருந்துகளையும் வீட்டில் உள்ள மாத்திரைகளையும் இப்போதே வேறொரு வீட்டுக்கு மாற்றுங்கள். விடிந்ததும் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மனநலப் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள், காசு இல்லை. இரவில் நிலைமை மோசமானால் 1990. கதைக்க ஆள் வேண்டும் என்றால் 1926. நீங்களும் எடுக்கலாம், அவன்தான் எடுக்க வேண்டும் என்றில்லை.

இல்லை என்று சொன்னாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஐயா. நித்திரை குழம்பியதற்கு மருந்து எடுப்போம் என்று சொல்லி வந்தாலும் சரி. உங்கள் தனிமடலுக்கு என் இலக்கத்தை அனுப்பியிருக்கிறேன்.

கரைச்சி ஆசிரியை எழுதியது:

ஐயா, இதை வாசித்தவுடன் ஒரு சொல் எழுதிவிடுங்கள். நான் முழித்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டான் கமக்காரன் எழுதியது:

வாசித்தோம். போத்தல்களை அண்ணர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். இன்றைக்கு நான் அவனோடு விறாந்தையில் படுக்கிறேன்.

நெடுங்கேணி மருதன் எழுதியது:

ஐயா, ஒட்டுசுட்டானில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். விடிய வாகனம் தேவை என்றால் தனிமடலில் சொல்லுங்கள். ஒழுங்கு செய்யலாம்.

செட்டிகுளம் மடுமகள் எழுதியது:

இங்கே ஒருவரும் சமயத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்களைப் போரிலும் முகாமிலும் தாங்கியது மடு மாதா. ஆவணித் திருவிழாவுக்கு நடந்து போகிற வழியில் எத்தனை பிள்ளைகளின் மனப்பாரம் இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தாதி சொன்ன பட்டியலிலும் சமயம் இருக்கிறது.

பாலைப்பழம் எழுதியது:

அக்கா, நம்பிக்கை தாங்கும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் எங்களுக்குக் கோயில் திருவிழாதான் பயமான இடம். ஊர் முழுக்க ஒரே நாளில் அங்கேதான் கேட்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். பிறகொரு வருடம் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்ற ஆள் போதாது என்று கூப்பிட்டார்கள், போனேன். இரவிரவாக ஊற்றினோம். அன்றைக்கு ஒருவரும் வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்கவில்லை; "பிள்ளை, இன்னொரு குவளை" என்றுதான் கேட்டார்கள். கோயில் பரிபாலன சபைகள், பங்குமனைகள் இதை யோசிக்கலாம். எங்களுக்கு ஆறுதல் சொல்வதை விட ஏதாவது பொறுப்பைக் கொடுங்கள்.

செட்டிகுளம் மடுமகள் எழுதியது:

இது எனக்குப் புதிது. எங்கள் பங்கின் இளைஞர் ஒன்றியத்தில் சொல்கிறேன்.

முல்லைத் தாதி எழுதியது:

கமக்கார ஐயாவின் அனுமதியோடு எழுதுகிறேன்: மகன் வந்தார், வைத்தியரைப் பார்த்தார், வைத்தியசாலை விடுதியில் இருக்கிறார். இதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது என்று கேட்டிருந்தவர்களுக்கு: வைத்தியசாலையில் இருந்து போகும்போது ஒரு தாளில் அந்த மனிதரோடு சேர்ந்து சிலவற்றை எழுதுவோம். நினைப்பு ஏறத் தொடங்கும்போது தனக்கு முதலில் தெரியும் அடையாளம் என்ன, அப்போது தனியே என்ன செய்யலாம், யாரிடம் போய் இருக்கலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த இலக்கத்தை அழைக்கலாம், வீட்டில் எதை அகற்ற வேண்டும். ஸ்டான்லி, பிரௌன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த முறை. பல நாடுகளில் பயன்படுகிறது. வைத்தியசாலை வரை வராதவர்களும் நண்பர் ஒருவரோடு இருந்து இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். சொந்தக் கையெழுத்தில், சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும்.

கரைச்சி ஆசிரியை எழுதியது:

எங்கள் வகுப்பில் இந்தக் கிழமை பேசி இரண்டு விடயங்களை ஒழுங்குசெய்திருக்கிறோம். ஒன்று, பாலைப்பழத்தின் ஒன்பது மணிக் கணக்கு. எல்லோரும் இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டார்கள். பெறுபேறு வந்த பிறகும் விடக்கூடாது என்பது கட்டுப்பாடு. மற்றது, வகுப்பைவிட்டு நிற்கும் பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யாராவது போக வேண்டும். போய் என்ன பேசுவது என்று ஒருவன் கேட்டான். பழைய வினாத்தாள் இரவல் கேள் என்றேன்.

மருதன் தம்பி, வயதெல்லை பற்றி நீங்கள் எழுதியதை ஒரு மனுவாக எழுதித் தர முடியுமா? முகாமில் பரீட்சை எழுதிய தலைமுறைக்கு வயதுத் தளர்வு வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் கையொப்பம் வாங்குவார்கள்.

நெடுங்கேணி மருதன் எழுதியது:

எழுதுகிறேன், ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டும். யாராவது மொழிபெயர்த்துத் தருவீர்களா?

பூநகரியான் எழுதியது:

நான் தருகிறேன். இங்கே என்னோடு அறையில் இருப்பவர் குருநாகல்காரர், திருத்தியும் தருவார்.